குடியை விட்ட பிறகு

கார்த்திகை மாதம் பிறந்ததும் நம் ஊர்களில் ஆண்டுதோறும் நிகழும் ஒரு காட்சி, மனித மனத்தைப் பற்றிச் சிந்திப்பவர் எவரையும் சற்றே நின்று யோசிக்க வைக்கக்கூடியது. ஆண்டு முழுவதும் குடித்துத் தம் தேகத்தையும் குடும்பத்தையும் ஒருசேரக் குலைத்துக்கொண்ட ஒருவர், ஐயப்பனுக்கு மாலை அணிந்த நாள் முதலாக ஒரு சொட்டும் தொடாமல், விடியற்காலையில் நீராடி, வெறுந்தரையில் படுத்து, ஒரு மண்டலம் முழுவதும் விரதம் காத்து, மலைக்குப் போய்த் திரும்பி வருகிறார். வந்து மாலையைக் கழற்றிய சில நாட்களுக்குள்ளாகவே பழைய இடத்தில் பழைய கூட்டாளிகளோடு மறுபடியும் உட்கார்ந்துவிடுகிறார். இதைக் கண்டவர்கள் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருவது வழக்கம். 41 நாள் விட்டிருக்க முடிந்தவனுக்கு அதற்கு மேல் விட்டிருக்க ஏன் முடியாது, எல்லாம் கொழுப்புதான் என்று கடிந்துகொள்வது ஒன்று. இவன் தலையெழுத்தே இதுதான், சாமிக்குப் பயந்தும் திருந்தாதவனை வேறு யார் திருத்துவது என்று கைவிட்டுவிடுவது மற்றொன்று. கடிந்துகொள்பவர் அந்த மனிதரிடம் ஒரு நோய் குடிகொண்டிருப்பதைக் காண்பதில்லை; கைவிடுபவர் அந்த நோய்க்குச் சிகிச்சை உண்டென்பதை அறிவதில்லை.

இவ்விரு பிழைகளையும் நீக்கக்கூடிய அறிவு, கடந்த எழுபது ஆண்டுகளில், மூளையைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்தும் மருத்துவமனைகளின் அனுபவத்திலிருந்தும் திரண்டு வந்திருக்கிறது. அதன் சாரத்தைச் சுருங்கச் சொல்வதானால், குடியை நிறுத்துவது ஒரு நாளில் நடக்கும் காரியம் என்றும், நிறுத்திய நிலையில் வாழப் பழகுவது பல ஆண்டுகளின் காரியம் என்றும், வைத்தியர் நோயாளியின் பக்கத்தில் நிற்க வேண்டிய காலம் பெரும்பாலும் அந்த இரண்டாவது காலமே என்றும் சொல்லலாம். நம் வீடுகளும் மருத்துவமனைகளும் முதற்காரியத்தில் செலவிடும் சிரத்தையில் ஒரு பகுதியையேனும் இரண்டாவதில் செலவிட்டால் எத்தனையோ உயிர்கள் காக்கப்படும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

குடிவெறியை ஒழுக்கக்கேடென்று மட்டும் கொள்ளாமல் வியாதியென்றே கருத வேண்டும் என்னும் எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரும் பிலடெல்பியா நகரத்துப் புகழ்பெற்ற வைத்தியருமான பெஞ்சமின் ரஷ், 1784-இல் சாராயத்தின் தீய விளைவுகளைப் பற்றி வெளியிட்ட சிறு நூலிலும், பிரிட்டிஷ் கடற்படையில் வைத்தியராகப் பணியாற்றிய தாமஸ் டிராட்டர் 1804-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும் அந்த எண்ணம் தெளிவாகவே காணப்படுகிறது. ஆயினும் அதற்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் குடிகாரருக்கு உலகம் பெரும்பாலும் காட்டிய வாசல்கள் சிறைச்சாலையும் பைத்தியக்கார ஆஸ்பத்திரியுமே. 1976-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த கிரிஃபித் எட்வர்ட்ஸ் என்பவரும் அமெரிக்காவைச் சேர்ந்த மில்டன் கிராஸ் என்பவரும் சேர்ந்து, குடிக்கு அடிமையாதலின் இலக்கணங்களை ஒரு நோயின் குறிகளாக வகுத்துத் தந்த பிறகே, எந்த வைத்தியரும் எந்த நோயாளியையும் பரீட்சித்துச் சொல்லத்தக்க தெளிவு அதற்கு உண்டாயிற்று.

அவ்வழியே பின்னர் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப்பட்டியலின் 10-ஆம் பதிப்பில் ஆறு குறிகளை வகுத்தது. குடிக்க வேண்டும் என்று உள்ளிருந்து பிடித்துத் தள்ளும் அடங்காத வேட்கை. எப்போது தொடங்குவது, எவ்வளவில் நிறுத்துவது என்பதில் தன் வசம் இழத்தல். முன்பு போதுமாயிருந்த அளவு போதாமற்போய் நாளுக்கு நாள் அளவு கூடிக்கொண்டே செல்லுதல். குடிக்காத வேளையில் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை முதலியன தோன்றுதல். மற்ற இன்பங்களையும் கடமைகளையும் புறக்கணித்தல். கேடு விளைவது கண்கூடாகத் தெரிந்த பின்னும் விடாதிருத்தல் என்பன அவை. இவற்றுள் மூன்றோ அதற்கு மேலோ ஓராண்டுக்குள் ஒருவரிடம் சேர்ந்து காணப்படுமாயின் அவர் குடிநோயாளி எனப்படுவார். எத்தனை புட்டி குடிக்கிறார் என்பதும், விலை மலிந்த சரக்கா உயர்ந்த சரக்கா என்பதும் இந்த இலக்கணத்தில் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குடிக்கும் அளவைக் காட்டிலும், மனிதருக்கும் மதுவுக்கும் இடையே ஏற்பட்டுவிட்ட உறவின் தன்மையே நோயை நிர்ணயிக்கிறது.

அந்த உறவு மூளையில் எங்கே பதிகிறது என்பதற்கு ஒரு முக்கியமான தடயம் எதிர்பாராத விதமாகக் கிடைத்தது. 1954-இல், கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்னும் இருவர், எலிகளின் மூளையில் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, ஒரு நெம்புகோலை அழுத்தினால் அக்கம்பியின் வழியே சிறு மின்னோட்டம் பாயுமாறு செய்திருந்தார்கள். கம்பி குறிப்பிட்ட சில இடங்களைத் தொட்டிருந்தபோது அந்த எலிகள் ஒரு மணி நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை தாமாகவே நெம்புகோலை அழுத்தின. பின்னர் பிறர் நடத்திய சோதனைகளில், பசித்திருந்தும் உணவை விட்டுவிட்டு நெம்புகோலையே நாடிய எலிகளையும் கண்டார்கள். நடுமூளையின் ஆழத்திலிருந்து கிளம்பி முன்மூளையின் அடிப்பகுதிக்கும், அங்கிருந்து நெற்றிக்குப் பின்னுள்ள பகுதிக்கும் செல்லும் நரம்பணுக்களின் பாதை ஒன்று இதற்கு ஆதாரமானது என்பதும், அப்பாதையில் செய்தி கொண்டுசெல்லும் முக்கியமான ரசாயனம் டோபமைன் என்பதும் பின்வந்த ஆராய்ச்சிகளில் தெளிவாயின. டோபமைன் மூளையில் தனித்த கடமையுடைய பொருளென்று 1950களின் இறுதியில் நிரூபித்த சுவீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

டோபமைனை இன்பத்தின் ரசாயனம் என்று பத்திரிகைகள் எழுதுவதுண்டு. ஆனால் அதன் தொழில் அதைவிட நுட்பமானது. சுவிட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்பவர் குரங்குகளிடம் நடத்திய சோதனைகள் அதைப் புலப்படுத்தின. எதிர்பாராமல் பழரசம் ஒரு சொட்டு நாவில் விழுந்தபோது குரங்கின் டோபமைன் அணுக்கள் கிளர்ந்தன. ரசம் வருவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் ஓர் அடையாளத்தைக் காட்டிப் பழக்கிய பின், அணுக்கள் அந்த அடையாளத்தைக் கண்டபோதே கிளர்ந்தன. ரசம் விழுந்தபோது வாளாவிருந்தன. அடையாளத்தைக் காட்டியும் ரசம் வராமற்போனால், வர வேண்டிய அந்த நொடியில் அவற்றின் இயக்கம் வழக்கத்துக்கும் கீழே இறங்கிற்று. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மூளை இவ்வாறு கணக்கிட்டு, எது எதைப் பின்தொடர்ந்து வரும் என்று கற்றுக்கொள்கிறது. உணவைத் தேடவும், துணையை நாடவும், குழந்தையைக் காக்கவும் உயிர்களுக்கு இயற்கை அருளிய கல்வி முறை இது. போதைப்பொருள்களோ, மதுவாயினும் புகையிலையாயினும் அபினாயினும், வெவ்வேறு வாயில்களின் வழியே வந்து இதே பாதையில் டோபமைனை மிகுதியாகப் பெருக்குகின்றன. இதனினும் முக்கியமானது வேறெதுவுமில்லை என்ற பொய்ப்பாடம் ஒவ்வொரு தடவையும் மூளைக்குக் கற்பிக்கப்படுகிறது.

இந்தக் கல்வியின் விளைவை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெர்ரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் என்னும் இருவர் 1993-இல் ஒரு கொள்கையாக விளக்கினார்கள். ஒரு பொருளை நாடும் வேட்கையும் அதை அனுபவிக்கும் சுகமும் மூளையில் வேறு வேறான ஏற்பாடுகள் என்றும், போதை நெடுநாள் தொடரும்போது சுகம் குறைந்துகொண்டே வர, வேட்கை மட்டும் கூர்மையடைந்துகொண்டே போகிறது என்றும் அவர்கள் கூறினார்கள். குடியால் தமக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை என்று கண்ணீர்விட்டுச் சொல்லும் மனிதர் அன்று மாலையே கடை வாசலில் நிற்பதன் ரகசியம் இதில் அடங்கியிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. சம்பள நாள், மழைக்கால மாலை, கூட்டாளியின் குரல், வீட்டில் எழுந்த ஒரு சச்சரவு, வேலையிலிருந்து திரும்பும் அந்தக் குறிப்பிட்ட தெருமுனை இவையெல்லாம் குரங்குக்குக் காட்டிய அடையாளங்களைப் போல வேட்கையை எழுப்பும் வல்லமை பெற்றுவிடுகின்றன. எழும் வேட்கையை அடக்கி ஆராய வேண்டியது நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி. நெடுநாட்குடியால் மிகுதியாக நலிவுறும் பகுதிகளில் அதுவும் ஒன்று.

மாலை அணிந்த காலத்தில் விட முடிந்தவருக்குக் கழற்றிய பின் ஏன் முடியவில்லை என்பதற்கு இப்போது விடை தெரிகிறது. விரத காலத்தில் உடை வேறு, உணவு வேறு, பழகும் மனிதர் வேறு. மாலையில் செல்லும் இடம் பஜனை நடக்கும் இடம். ஊரார் அவரைச் சாமி என்று அழைக்கிறார்கள். பழைய அடையாளங்கள் எல்லாம் அப்பால் விலகி நிற்கின்றன. மூளை கற்ற பாடம் அந்த நாட்களில் அழிந்துவிடவில்லை, எழுப்புவாரின்றி உறங்கிக் கிடக்கிறது. மாலையோடு அந்தச் சூழ்நிலை முழுவதும் கழன்றுபோனவுடன் அது விழித்துக்கொள்கிறது. ஆகவே அந்த மண்டலம் பயனற்றதென்று சொல்லக்கூடாது. மனிதரின் சங்கற்பத்துக்கு ஒரு சூழ்நிலையும் ஒரு சமூகமும் துணை நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அது சிறந்த சான்று. குறை அதன் பின்வரும் நாட்களுக்கு ஏற்பாடு இல்லாமையில் இருக்கிறது.

சூழ்நிலையின் வலிமையை உலகறிய நிரூபித்தது வியட்நாம் யுத்தம். அங்கே சென்ற அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒரு பங்கினர் அபின் வகைப் போதைக்கு, பெரும்பாலும் ஹெராயினுக்கு, அடிமைப்பட்டார்கள். அவர்கள் நாடு திரும்பினால் என்ன ஆகுமோ என்று அரசாங்கம் அஞ்சி ஏற்படுத்திய ஆய்வை லீ ராபின்ஸ் என்னும் பெண்மணி நடத்தினார். அங்கே அடிமைப்பட்டிருந்தவர்களில், திரும்பிய மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடியும் அடிமைப்பட்டவர்கள் 12 விழுக்காட்டினரே என்று அவர் கண்டபோது பலர் நம்ப மறுத்தார்கள். பொருள் ஒன்றே ஒரு மனிதரை என்றென்றைக்கும் விலங்கிட்டுவிடுவதில்லை என்பது அந்த ஆய்வின் போதனை. பரம்பரையும் தன் பங்கைச் செலுத்துகிறது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள், குடிநோய்க்கு ஆளாகும் தன்மையில் ஏறத்தாழப் பாதி பிறப்போடு வருவதெனக் காட்டுகின்றன. மூளை முதிராத இளம் வயதில் தொடங்கியவர்களுக்கும், மனச்சோர்வு முதலிய வேறு நோய்களால் வாடுபவர்களுக்கும் அபாயம் அதிகம். ஒரே மேசையில் உட்கார்ந்து குடித்த நால்வரில் ஒருவர் மட்டும் நோயாளியாவதற்கு அவருடைய குணக்கேடுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

சிகிச்சையின் முதற்படியில் வைத்தியர் கவனிக்க வேண்டியது நிறுத்தும்போது நேரும் ஆபத்தை. மது மூளையின் அமைதிப்படுத்தும் ஏற்பாட்டைத் தூண்டி, கிளர்ச்சியூட்டும் ஏற்பாட்டை ஒடுக்குகிறது. தினந்தோறும் இவ்வாறு நடக்கும்போது மூளை சமநிலை காக்க வேண்டி எதிர்ப்பக்கத்தில் தன் பலத்தையெல்லாம் செலுத்தி ஈடுசெய்துகொள்கிறது. கயிறிழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் திடீரென்று கயிற்றை விட்டுவிட்டால் மறுபக்கத்தார் தம் பலத்தாலேயே மல்லாந்து விழுவதுபோல, குடி திடீரென்று நின்றதும் அந்தக் கிளர்ச்சி தடையின்றிப் பொங்கி எழுகிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்துக்குள் கைநடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்குகின்றன. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத பூச்சிகளும் உருவங்களும் கண்ணில் தோன்றும் ஜன்னி உண்டாகும். சிகிச்சையின்றி விட்டால் இந்த ஜன்னி உயிரையும் பறிக்கக்கூடியது. ஆகவே காலையில் கைநடுங்கி, அந்த நடுக்கம் தீரவே குடிக்கும் நிலையை அடைந்தவர், வீட்டுக்குள் பூட்டிவைத்தோ, வீம்புக்காகவோ, விரதத்துக்காகவோ ஒரே நாளில் நிறுத்துவது தகாது. முதலில் வைத்தியரிடம் வர வேண்டும்.

மருத்துவமனையில் இந்தக் கட்டம் ஒரு வாரம் பத்து நாட்களில் பெரும்பாலும் சுகமாகக் கடந்துவிடும். டயஸிபாம், லோராஸிபாம் போன்ற மருந்துகளைத் தேவையான அளவில் தொடங்கி நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துகிறார்கள். குடிநோயாளிகளின் தேகத்தில் தயமின் என்னும் வைட்டமின் பி1 குன்றியிருப்பதால், அதை ஊசி மூலம் முன்கூட்டியே செலுத்துகிறார்கள். இந்தச் சிறு காரியம் தவறினால் கண்பார்வை தடுமாறி, நடை தள்ளாடி, நினைவாற்றல் நிரந்தரமாகக் குன்றிப்போவதும் உண்டு. இந்த முதற்படி முடிந்ததும் நோயாளி முகம் தெளிந்து, பசியெடுத்து உண்டு, நன்றாக உறங்குகிறார். உறவினர் மகிழ்ந்து வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். சிகிச்சை முடிந்துவிட்டதென்று எல்லோரும் எண்ணுகிறார்கள். உண்மையில் முடிந்தது ரத்தத்திலிருந்த மதுவை அகற்றிய காரியம் மட்டுமே. மூளை கற்ற பாடம் அப்படியே இருக்கிறது.

அடுத்த கட்டத்துக்கு உதவும் மருந்துகள் சில உள்ளன. 1940களின் இறுதியில் டென்மார்க்கில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கப்சன் என்னும் இருவர், குடற்புழுவுக்கு மருந்தாகுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்த டைசல்ஃபிராம் என்னும் பொருளைத் தாமே உட்கொண்டிருந்தபோது, சிறிது மது அருந்தியதும் முகம் சிவந்து நெஞ்சு படபடத்து வாந்தியுணர்வு மேலிட்டதைக் கண்டு, அதைக் குடிநோய்க்கு மருந்தாக 1948-இல் உலகுக்கு அறிவித்தார்கள். மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சை மேலும் சிதையவிடாமல் இது தடுப்பதால் அந்த அவஸ்தை நேர்கிறது. நோயாளி அறிந்து, சம்மதித்து, மனைவியோ தாயோ பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்க உட்கொள்ளும்போது இது பயன் தருகிறது. ஆனால் அவருக்குத் தெரியாமல் குழம்பிலும் காப்பியிலும் கலந்துகொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் பரவியிருப்பது மிகவும் அஞ்சத்தக்கது. அறியாமல் குடித்தவருக்கு ரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம், நேராவிடினும் உண்மை வெளிப்படும் நாளில் வீட்டுச் சோற்றின்மீதே அவருக்கு நம்பிக்கை போய்விடும். வேட்கையைத் தணிக்கும் வேறு மருந்துகளும் உண்டு. குடியால் உண்டாகும் கிளர்ச்சியைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் 1994-இல் அமெரிக்காவில் குடிநோய்க்கென அனுமதி பெற்றது. பிரான்ஸில் 1989 முதலே புழங்கிவரும் அகாம்ப்ரோசேட், விட்டபின் தொடரும் மூளையின் அமைதியின்மையைத் தணிக்க உதவுகிறது. இவை எவருக்கு எவ்வளவு காலம் என்பதை, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சோதித்தபின் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

மருந்துக்கு இணையான இடம் பேச்சுக்கு உண்டு. குடிப்பவரிடம் அவர் செய்த கேடுகளைப் பட்டியலிட்டுக் குற்றஞ்சாட்டினால் அவர் தம்மைத் தற்காத்துக்கொள்ள முனைவாரேயன்றி மனம் மாறமாட்டார் என்பதை உணர்ந்த வில்லியம் மில்லர் என்னும் உளவியலறிஞர், 1983-இல் ஒரு புதிய உரையாடல் முறையை வகுத்தார். குடியில் தமக்குள்ள பற்றையும் விட வேண்டும் என்று தமக்குள்ளேயே இருக்கும் விருப்பத்தையும் நோயாளி தம் வாயாலேயே சொல்லுமாறு பொறுமையாகக் கேட்டு, அந்த விருப்பத்தை வளர்ப்பது அம்முறை. இதனோடு, எந்த நேரத்தில் எந்த இடத்தில் வேட்கை எழும் என்று முன்கூட்டியே கண்டு அதற்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ளும் பயிற்சியும், குடும்பத்தாருக்குத் தனியே தரும் ஆலோசனையும், 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துத் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற பரஸ்பரத் துணைக் குழுக்களும் சேரும்போது, மண்டல விரதம் தற்காலிகமாகத் தரும் சூழ்நிலையை நிரந்தரமாக்கும் முயற்சிக்கு உருவம் கிடைக்கிறது.

இவ்வளவும் செய்தபின் நோயாளி மறுபடி குடித்துவிட்டால் என்ன சொல்வது? 2000-ஆம் ஆண்டில் தாமஸ் மெக்லெல்லன் என்பவரும் அவர் சகாக்களும் இக்கேள்வியை ஆராய்ந்து, போதைநோயில் ஓராண்டுக்குள் மறுபடி வழுக்குபவர்கள் 40 முதல் 60 விழுக்காடு வரை என்றும், நீரிழிவு, ரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகிய நோய்களில் மருந்தையும் பத்தியத்தையும் தவறவிட்டு நோய் மிகுந்து வருபவர்களின் விகிதமும் ஏறத்தாழ அத்தகையதே என்றும் எடுத்துக்காட்டினார்கள். சர்க்கரை கூடி வரும் நோயாளியை எந்த வைத்தியரும் துரோகி என்று துரத்துவதில்லை. மருந்தை மாற்றி, உணவைக் கேட்டு, அடுத்த மாதம் வரச் சொல்கிறார். குடிநோயாளிக்கு மட்டும் ஒரு தடவை சிகிச்சை அளித்து, அது நிலைக்காவிட்டால் சிகிச்சையையும் நோயாளியையும் ஒருசேரப் பழிக்கிறோம். இந்த அநீதி நீங்க வேண்டுமானால் சிகிச்சையின் வெற்றியை அளக்கும் முறையே மாற வேண்டும். குடிக்காத நாட்கள் கூடினவா, வேலைக்குப் போகிறாரா, வீட்டில் அடியும் கூச்சலும் நின்றனவா, வழுக்கிய பின் எத்தனை நாளில் திரும்பி வந்தார் என்பவையே கேட்கத்தக்க கேள்விகள்.

போதைநோய்ச் சிகிச்சையைத் தனிமையான நிலையங்களில் ஒதுக்காமல் சாதாரண வைத்தியரின் கைக்குக் கொண்டுவந்தால் என்ன நன்மை விளையும் என்பதற்கு அபின் வகைப் போதையின் சரித்திரத்தில் தக்க சான்று உண்டு. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்னும் இருவர், ஹெராயினுக்கு அடிமைப்பட்ட 22 பேருக்கு வாயால் உட்கொள்ளும் மெதடோனைத் தினந்தோறும் அளித்து, அவர்கள் படிப்பிலும் தொழிலிலும் மீண்டும் நிலைபெற்றதை 1965-இல் வெளியிட்டார்கள். ஒரு போதையை நீக்க இன்னொரு போதையா என்ற ஆட்சேபம் அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. அதற்கு விடை அனுபவத்தில் இருக்கிறது. மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்கும் மருந்து, சரியான அளவில் வைத்தியர் கையால் கிடைக்கும்போது, ஏறி இறங்கும் மயக்கமும் இல்லை, ஊசியும் இல்லை, களவும் இல்லை. இச்சிகிச்சையில் நீடிப்பவர்களைக் காட்டிலும் விலகியவர்களிடையே மரணம் இரண்டு மூன்று மடங்கு அதிகம். பிரான்ஸில் 1995 முதல் சாதாரணக் குடும்ப வைத்தியர்களே பியூப்ரநார்பின் என்னும் இதே வகை மருந்தை எழுதித்தர அனுமதிக்கப்பட்டார்கள். அடுத்த நான்கு ஆண்டுகளில் அளவுமீறிய போதையால் நேர்ந்த சாவுகள் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. 2005-இல் உலக சுகாதார நிறுவனம் மெதடோனையும் பியூப்ரநார்பினையும் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

நம் நாட்டின் நிலையைப் பார்க்கும்போது முயற்சிகள் இல்லாமலில்லை என்று மகிழலாம். தேவையின் அளவை நோக்கினால் கவலையே மிஞ்சுகிறது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அந்தத் துயரத்தைத் தொண்டாக மாற்றி, 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் நினைவாக ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் அந்நிலையத்தார் நடத்திய முகாம்கள், ஊராரின் துணையோடு ஊருக்குள்ளேயே சிகிச்சை தர முடியும் என்பதைக் காட்டின. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனமும், தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் தேசியப் போதைச் சிகிச்சை மையமும் வைத்தியர்களைப் பயிற்றுவிக்கின்றன. ஆயினும் எய்ம்ஸ் மையம் மத்திய அரசுக்காக நடத்தி 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மது அருந்துபவர்கள் சுமார் 16 கோடி. அவர்களுள் குடியால் கேடுற்றோ அதற்கு அடிமைப்பட்டோ உதவி தேவைப்படுபவர்கள் 5.7 கோடி. அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். வேறெந்தப் பெருநோயில் இந்த நிலையை நாம் பொறுத்துக்கொள்வோம்?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடியாலும் போதைப்பொருள்களாலும் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் சேர்த்து, கண்ணியமான சிகிச்சையை அந்நோயாளிகளின் உரிமையாக்கியிருக்கிறது; மறுவாழ்வு என்ற பெயரால் சங்கிலியில் கட்டுவதும் அடிப்பதும் சட்டத்துக்கு விரோதமான செயல்கள். சட்டம் தந்த உரிமை மக்கள் கைக்கு வந்து சேர வேண்டுமானால் சிகிச்சை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இறங்கி வர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த 10 கேள்விகள் கொண்ட எளிய வினாப்பட்டியலை ஒரு செவிலியரே சில நிமிடங்களில் கேட்டு முடிக்கலாம்; நோய் முற்றாதவர்களுக்குச் சில நிமிட அறிவுரையே குடியைக் குறைக்கத் துணைசெய்கிறது என்பது பல நாடுகளின் அனுபவம். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்படி சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீடு தேடிச் செல்கின்றன. அதே பதிவேட்டில் குடிநோயாளிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அதே ஊழியர் மாதம் ஒரு முறை அவர் வீட்டுக் கதவைத் தட்டி, எப்படி இருக்கிறீர்கள், மருந்து தவறாமல் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கும் நாள் வருமானால், குடியை விட்ட பிறகு வரும் அந்த நீண்ட காலத்தில் நோயாளி தனித்து விடப்பட மாட்டார்.

அந்த நாள் வரும்வரை குடும்பத்தாரும் நண்பர்களும் செய்யத்தக்கவை பல உள்ளன. போதை தெளிந்திருக்கும் காலை வேளையில், ஏசாமல், பயமுறுத்தாமல், இது ஒரு நோய், இதற்கு வைத்தியம் இருக்கிறது, நானும் உடன் வருகிறேன் என்று சொல்லுங்கள். தெரியாமல் மருந்து கலக்காதீர்கள். அடியும் உதையும் நேரும் வீட்டில் மனைவியும் குழந்தைகளும் முதலில் தங்கள் பாதுகாப்பைத் தேடிக்கொள்வது எவ்வகையிலும் குற்றமன்று; நோயாளியின் சிகிச்சைக்காக வேறெவரும் பலியாக வேண்டியதில்லை. விட்டவர் வழுக்கிவிட்டால் அதை முடிவென்று கருதாமல், மறுநாளே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. இரண்டுக்கும் கட்டணமில்லை. உங்கள் தெருவில் இந்த எண்கள் தேவைப்படும் வீடு எதுவென்று உங்களுக்கே தெரியும்; அங்கே போய்ச் சொல்லுங்கள்.